அளவுகோலின் முன்னால் நிற்கும் பிள்ளைக்காக: கப்பல் பயண நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சொகுசுக் கப்பல்களை நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

"அம்மா, நான் குட்டையாயிட்டேனா?"

போன ஆண்டு ஒரு கப்பலின் மேல்தளத்தில், நீர்ச்சறுக்குக்கு ஏறும் படிக்கட்டின் கீழே நின்று என் மகள் கேட்ட கேள்வி இது. அவளுக்கு அப்போது ஏழு வயது. பயணத்தின் முதல் நாள் மதியம் அதே இடத்தில், அதே அளவுகோலின் முன்னால் நின்றாள். ஊழியர் பார்த்துத் தலையசைத்தார். ஆறு முறை ஏறினாள், ஆறு முறை சறுக்கி இறங்கினாள். மூன்றாம் நாள் மாலை வேறோர் ஊழியர் இருந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். கோட்டுக்கும் தலைக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தார். முடியாது என்றார். கோடு 48 அங்குலத்தில் இருந்தது, அதாவது 122 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. அந்தக் கோட்டை எட்ட அவளுக்கு ஒரு விரல் அகலம்கூடத் தேவைப்படவில்லை.

அதே பயணத்தில் என் மகனுக்கு நேர்ந்தது வேறு. அவனுக்கு நான்கே முக்கால் வயது, வயதுக்குச் சராசரியான உயரம்தான். இன்னொரு சறுக்கின் வரம்பு 42 அங்குலம். கோட்டை ஒரு மயிரிழையில் தாண்டினான், மேலே அனுப்பினார்கள். வயதை யாரும் கேட்கவில்லை. கைகளை மார்பில் கட்டி மல்லாந்து படுக்கச் சொன்னார்கள், படுத்தான். ஆனால் மூடிய குழாய்க்குள் இருட்டானதும் பயந்துபோய், இரண்டு பக்கமும் கால்களை ஊன்றி நடுவழியிலேயே நின்றுவிட்டான். கீழே இருந்த ஊழியர், வெளியே வர வேண்டிய பிள்ளை வரவில்லை என்று கவனித்து மேலே சொன்னார். மேலே இருந்தவர் சிவப்பு விளக்கை மாற்றாமல் அடுத்தவரை நிறுத்தி வைத்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் வேகமே அவனைத் தள்ளிக் கீழே கொண்டுவந்தது. அழுதுகொண்டே வந்தான், அடி எதுவும் இல்லை. அந்த இரண்டு ஊழியர்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் பின்னால் எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன்.

சறுக்கும் பக்குவம் இருந்த பிள்ளையை அளவுகோல் ஒரு நாள் அனுமதித்து இன்னொரு நாள் தடுத்தது. பக்குவம் வராத பிள்ளையைத் தடுக்காமல் விட்டது. இதைத்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரம்புகளைத் தளர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை. மூன்றாம் நாள் மாலை என் மகளைத் தடுத்த அந்த இளைஞர் செய்ததுதான் சரி. முதல் நாள் செருப்போடு அளந்து மேலே அனுப்பியவர் செய்தது தவறு. ஆனால் அன்றைக்கு நான் தடுத்தவரிடம்தான் குரலை உயர்த்தினேன். "முந்தாநாள் விட்டீர்களே, இன்றைக்கு மட்டும் ஏன்?" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஊர் திரும்பியதும் இந்த விதிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். மகளின் கேள்வியிலிருந்தே தொடங்கினேன். அவள் குட்டையானது உண்மைதான்! காலையில் எழும்போது இருக்கும் உயரம் மாலையில் யாருக்கும் இருப்பதில்லை. நாள் முழுவதும் நின்றும் நடந்தும் ஓடியும் முதுகெலும்பின் வட்டுகள் அழுந்துவதால், பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை உயரம் குறையும். பிள்ளைகளுக்கும் அது நடக்கிறது. அதோடு செருப்பின் தடிமன், உச்சந்தலையில் போட்ட கொண்டை, கப்பலின் ஆட்டத்தில் சற்றுச் சாய்ந்து நிற்பது எல்லாம் சேர்ந்தால் ஒரே பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று உயரங்கள் வந்துவிடும். அப்படியிருக்க, ஒவ்வொரு முறையும் வரிசையின் வாசலில், அவசரத்தில், ஒரு மரப்பலகையின் பக்கத்தில் நிறுத்தி அளப்பது எப்படிச் சரியாக வரும்?

இன்னொன்றும் படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஏழு வயதுப் பையனின் நடு உயரம் 121.7 சென்டிமீட்டர், பெண்பிள்ளைக்கு 120.8. அதாவது உங்கள் 48 அங்குலக் கோடு ஏழு வயதுப் பிள்ளைகளைக் கிட்டத்தட்ட நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே. அந்த வயதில் 111 சென்டிமீட்டரும் இயல்பான உயரம், 132 சென்டிமீட்டரும் இயல்பான உயரம். 42 அங்குலம் என்பது 106.7 சென்டிமீட்டர். நான்கரை வயதுப் பையன்களின் நடு உயரம் அதுவேதான். உயரத்தை மட்டும் பார்க்கும் சறுக்கில், பள்ளியில் இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்காத பிள்ளைகளில் பாதிப் பேர் தனியாக ஏறிவிட முடியும் என்று இதற்குப் பொருள். என் மகன் அவர்களில் ஒருவன்.

உயரத்தை ஏன் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. பிறந்த குழந்தைக்கு உடல் நீளத்தில் கால் பங்கு தலை. வளர்ந்தவருக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. சின்னப் பிள்ளையின் எடை மேலே தங்கியிருப்பதால் வளைவில் உடல் திரும்பும்போது தலை முந்திக்கொள்ளும், கழுத்துக்கு அதைத் தாங்கும் வலு வந்திருக்காது. இறங்குமிடத்தில் எழுந்து நிற்கும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கும் என்பதும் உயரத்தைப் பொறுத்தது. நீச்சல் வளையத்தில் உட்கார்ந்து போகும் சறுக்கென்றால் கைப்பிடிக்குக் கை எட்ட வேண்டும். கப்பலின் உச்சித் தளத்தில் அதிகத் தண்ணீரைத் தேக்கி வைத்தால் அது கப்பலின் நிலைப்பையே பாதிக்கும் என்பதால், பல கப்பல்களில் சறுக்கு ஒரு குளத்தில் போய் விழுவதில்லை. ஆழமில்லாத நீண்ட தொட்டியில் தேய்ந்து நிற்கிறது. அங்கே கால்களை நீட்டி, தலையைத் தூக்காமல் படுத்திருக்கும் பிள்ளைக்குச் சிரமம் இல்லை. பாதியில் எழுந்து உட்காரும் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

இங்கேதான் வயது உள்ளே வருகிறது. எழுந்து உட்காராதே என்றால் உட்காராமல் இருப்பது, பச்சை விளக்கு வரும்வரை காத்திருப்பது, இருட்டில் பயம் வந்தாலும் சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டே இருப்பது, இறங்கியதும் வழியை விட்டு விலகுவது, இவையெல்லாம் உயரத்தோடு வருபவை அல்ல. உயரமாக வளர்ந்த நான்கு வயதுப் பிள்ளை நான்கு வயதுப் பிள்ளைதான். பார்க்கப் பெரியவனாகத் தெரிவதால் அவனிடமிருந்து நாம் கூடுதலாக எதிர்பார்க்கிறோம். பாவம், அவனுக்கு அது முடிவதில்லை. அதனால் உடலுக்கு ஒரு கேள்வி, புரிதலுக்கு ஒரு கேள்வி என்று இரண்டையும் கேட்கும் விதிதான் சரியான விதி என்று நம்புகிறேன்.

உங்களில் சிலர் இதைச் செய்தும் காட்டியிருக்கிறீர்கள். 2011-இல் கடலுக்கு வந்த டிஸ்னி ட்ரீம் கப்பலின் அக்வாடக் சறுக்குக்கு 42 அங்குலம் வேண்டும். ஆனால் சின்னப் பிள்ளை தனியாகப் போக முடியாது, 14 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் கூடவே உட்கார வேண்டும். காலுக்கடியில் தளம் சட்டென்று திறந்துகொள்ளும் டிஸ்னி மேஜிக்கின் அக்வாடங்க்குக்கு வரம்பு 48 அங்குலம். செயற்கை அலையில் பலகை வைத்து விளையாடும் ராயல் கரீபியனின் ஃப்ளோரைடரில், பலகையில் படுத்துப் போக 52 அங்குலம், எழுந்து நின்று அலையில் சறுக்க 58. ஒரே தண்ணீர், ஒரே இடம், ஆனால் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்து இரண்டு வரம்புகள். இதுபோல ஒவ்வொரு சறுக்கையும் அதன் தன்மையைப் பார்த்து வரம்பு வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் காரணத்தைச் சொல்வதில்லையே! படிக்கட்டின் கீழே ஒரு பலகை, அதில் ஓர் எண், ஒரு கோடு. அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, "இந்தக் குழாயின் மூன்றாவது வளைவில் தலை பக்கத்தில் மோதாமல் இருக்க இவ்வளவு உயரம் வேண்டும்" என்று ஒரு வரி எழுதி வைத்தால் என்ன? என் மகள் அன்றைக்கு அழுதது சறுக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் இல்லை. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துவிட்டாள். தன்னுடைய உடம்பே தப்பு என்று ஒரு பிள்ளை நினைப்பது எவ்வளவு கனமான விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வயதை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை நிலத்தில் நடந்த ஒரு துயரம் காட்டுகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 168 அடிக்கு மேல் உயரமான வெருக்ட் என்ற சறுக்கு 2014-இல் திறக்கப்பட்டது. மூன்று பேர் ஒரு மிதவையில் உட்கார வேண்டும், மூவரின் எடை சேர்ந்து 400 முதல் 550 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். முதலில் 14 வயது வரம்பு வைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். பிறகு அதைக் கைவிட்டு, 54 அங்குல உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2016 ஆகஸ்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள இரண்டு பெரியவர்களுக்கு முன்னால் அமர்ந்து போனான். மிதவை காற்றில் எழும்பியது. மேலே வலையைத் தாங்கியிருந்த உலோக வளையத்தில் மோதி அவன் இறந்துபோனான். அவன் உயர வரம்பைத் தாண்டியவன்தான். மூவரின் மொத்த எடையும் கணக்குக்குள்தான் இருந்தது. எடை எப்படிப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை. 2018-இல் அந்தச் சறுக்கை இடித்துவிட்டார்கள். அந்தச் சறுக்கின் வடிவமைப்பிலேயே பெரிய கோளாறுகள் இருந்தன, உங்கள் சறுக்குகள் அப்படிப்பட்டவை என்று நான் சொல்லவே இல்லை. கோட்டைத் தொட்டால் போதும் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம், எடை. சறுக்கில் மிக லேசான பிள்ளை வேகம் போதாமல் நடுவில் நின்றுவிடலாம். வளையமாக மேலே ஏறி இறங்கும் சறுக்குகளில் அப்படி நிற்பவர் வெளியே வருவதற்கென்றே ஒரு கதவு வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கெல்லாம் எடையைப் பார்க்கிறீர்கள், நல்லது. ஆனால் பெற்றோர் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சறுக்குவதை ஒரு சில இடங்களில் இன்னும் கண்டும் காணாமல் விடுகிறார்கள். மடியில் வைத்துக்கொண்டால் பத்திரம் என்று நானும் நினைத்திருந்தேன். நிஜத்தில் பூங்காச் சறுக்குமரங்களிலேயே சின்னப் பிள்ளைகளின் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். பிள்ளையின் கால் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், பின்னால் இருக்கும் பெரியவரின் எடை அப்படியே தள்ளிக்கொண்டு போகும். தனியாகச் சறுக்கும் பிள்ளை கால் மாட்டினால் நின்றுவிடும், மடியில் இருக்கும் பிள்ளையால் நிற்க முடியாது. இதை எங்களைப் போன்ற பெற்றோருக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளை உடலளவால் வகைப்படுத்துவது கப்பல்களுக்குப் புதிதும் இல்லை. உங்கள் ஒவ்வொரு கப்பலிலும் இருக்கும் லைஃப் ஜாக்கெட்டுகளைப் பாருங்கள். சர்வதேச விதிப்படி 15 கிலோவுக்கும் 100 சென்டிமீட்டருக்கும் குறைவானவர்களுக்குக் கைக்குழந்தை ஜாக்கெட், 43 கிலோவுக்கும் 155 சென்டிமீட்டருக்கும் குறைவான பிள்ளைகளுக்குச் சிறுவர் ஜாக்கெட், அதற்கு மேல் பெரியவர் ஜாக்கெட். ஜாக்கெட்டிலேயே அந்த அளவு அச்சிட்டிருக்கிறது. பயணிகள் எண்ணிக்கையில் பத்து விழுக்காடு சிறுவர் ஜாக்கெட்டுகள் எப்போதும் கப்பலில் இருந்தாக வேண்டும். எந்தக் கப்பலில் ஏறினாலும் இது மாறாது. அமெரிக்காவில் 2010-இல் வந்த கப்பல் பாதுகாப்புச் சட்டம் தளத்தின் கைப்பிடிச் சுவர் 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று சொல்கிறது. கப்பல் மாறினால் அதுவும் மாறுவதில்லை. சறுக்கின் வரம்பு மட்டும் கப்பலுக்குக் கப்பல் வேறு, ஊழியருக்கு ஊழியர் வேறு என்றால் பெற்றோர் எதை நம்புவது?

சரி, என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கப்பல் ஏறும் நாளில் எப்படியும் ஒவ்வொரு குடும்பமும் பாதுகாப்புப் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். அந்த நாளிலேயே, சுவரில் சரியாகப் பொருத்திய அளவுகோலின் முன்னால், வெறுங்காலோடு, குதிகாலும் முதுகும் ஒட்டி நிற்க வைத்து ஒரே ஒரு முறை அளந்துவிடுங்கள். அளவையும் வயதையும் வைத்து ஒரு வண்ணக் கைப்பட்டையைக் கட்டிவிடுங்கள். பச்சைப் பட்டை இந்தச் சறுக்குகளுக்கு, நீலப் பட்டை அந்தச் சறுக்குகளுக்கு, மஞ்சள் என்றால் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். பயணம் முடியும்வரை அந்த அளவுதான். அப்புறம் வாசலில் நிற்பவர் பட்டையைப் பார்த்தால் போதும், பிள்ளையின் தலையை அளக்க வேண்டியதில்லை. ஊழியர் மாறினாலும் விடை மாறாது. இல்லை என்பதை முதல் நாளே கேட்டுவிட்ட பிள்ளை அன்றே அழுது தீர்த்துவிட்டு மறுநாள் வேறு விளையாட்டுக்குப் போய்விடும். மூன்றாம் நாள் கேட்பதுதான் தாங்க முடியாதது.

அதற்கும் முன்னால், பயணச்சீட்டு வாங்கும்போதே பிள்ளையின் வயதைக் கேட்கிறீர்கள் அல்லவா? அந்தப் பக்கத்திலேயே அந்தக் கப்பலின் ஒவ்வொரு சறுக்குக்கும் என்ன வரம்பு என்று சென்டிமீட்டரிலும் அங்குலத்திலும் போடுங்கள். விளம்பரப் படத்தில் வளைந்து வளைந்து போகும் வண்ணக் குழாய்களைக் காட்டுகிறீர்கள், கையைத் தூக்கிச் சிரிக்கும் பிள்ளையைக் காட்டுகிறீர்கள். அந்தப் படத்தை வைத்துத்தான் வீட்டில் பல மாதம் கனவு வளர்கிறது. படத்தின் ஓரத்தில் உயர வரம்பும் இருந்தால், ஐந்து வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் வேறு கப்பலைத் தேடுவார்கள் அல்லது இரண்டு வருடம் பொறுப்பார்கள். கீழ்த்தளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான தண்ணீர் விளையாட்டு இடத்தைப் பற்றியும் அப்போதே சொல்லுங்கள். டயப்பர் போடும் குழந்தைகள் குளத்துக்குள் இறங்கக் கூடாது, அவர்களுக்கென்று தனியாகச் சுத்திகரிக்கும் நீர்த்தெளிப்பு இடம் மட்டும்தான் என்பதும் பல குடும்பங்களுக்கு ஏறிய பிறகுதான் தெரிகிறது. குளோரினுக்குச் சாகாத கிருமிகள் உண்டு என்ற காரணத்தைச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வரும்?

வளர்ச்சிக் குறைபாட்டால் உயரமாகாத பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பத்து, பன்னிரண்டு வயதிலும் 42 அங்குலத்தை எட்டாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புரிதல் இருக்கிறது, உடலுக்கு அந்தச் சறுக்கு பொருந்தாமல் இருக்கலாம். அவர்களை நான்கு வயதுப் பிள்ளைகளோடு நீர்த்தெளிப்பு இடத்துக்கு அனுப்புவது பெரிய வலி. எந்தச் சறுக்கு அவர்களுக்குப் பாதுகாப்பானது என்று அதைச் செய்தவரிடமே கேட்டு, அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள், ஆனால் வரிசையின் நடுவில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம்.

கடைசியாக அந்த வாசலில் நிற்கும் ஊழியர்களைப் பற்றி. வெயிலிலும் காற்றிலும் மணிக்கணக்காக நிற்கிறார்கள். செருப்புக்குள் துணி மடித்து வைத்த பிள்ளை, குதிகாலைத் தூக்கி நிற்கும் பிள்ளை, "நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், விடுங்கள்" என்று வாதாடும் அப்பா, குரலை உயர்த்தும் என்னைப் போன்ற அம்மா, எல்லோரையும் சமாளிக்கிறார்கள். பயணத்தின் கடைசியில் நாங்கள் எழுதும் கருத்துப் படிவத்தில் ஒரு குறை வந்தால் தங்கள் வேலைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கலாம். அந்தப் பயம் இருக்கும்வரை யாராவது ஒரு நாள் ஒரு பிள்ளையைச் செருப்போடு அனுப்பத்தான் செய்வார்கள். பிள்ளையைத் தடுத்ததற்காக எந்த ஊழியருக்கும் ஒரு சொல்கூட எதிராகப் போகாது என்று நீங்கள் எழுத்தில் உறுதி கொடுங்கள். அந்த உறுதியைப் பலகையிலேயே எழுதுங்கள், நாங்களும் படிக்கிற மாதிரி. 2013-இல் டிஸ்னியும் 2017-இல் ராயல் கரீபியனும் தங்கள் கப்பல்களின் குளக்கரைகளில் உயிர்காப்பாளர்களை நிறுத்தத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு அது தேவையில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இப்போது உயிர்காப்பாளர் இல்லாத குளத்தைப் பார்த்தால்தான் பெற்றோருக்கு நெஞ்சு பதறுகிறது.

மூன்றாம் நாள் இரவு மகளைப் படுக்க வைக்கும்போது, காலையில் எல்லோரும் கொஞ்சம் உயரமாக இருப்பார்கள், மாலையில் கொஞ்சம் குறைவார்கள் என்று சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். மறுநாள் காலையும் மாலையும் அவளே கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தாள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. அந்தக் கோடுகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

இப்போது அவள் 126 சென்டிமீட்டர். மகனுக்கு ஆறு வயது நெருங்குகிறது, மூடிய குழாய் வேண்டாம், திறந்த சறுக்கு என்றால் வருகிறேன் என்கிறான். அடுத்த விடுமுறைக்குக் கப்பல் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்களில் யார் கப்பலில் எந்தச் சறுக்குக்கு என்ன வரம்பு, எப்போது அளப்பீர்கள், எப்படி அளப்பீர்கள் என்று பதில் எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் முன்பதிவு செய்வோம்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா